நோண்டி தைத்த கை

என் சித்தப்பாவின் கடைசி மகளை ஒரு தச்சருக்குக் கொடுத்தோம். அந்தத் தச்சருக்கு ஒரே ஒரு தங்கை. முறை என்று பார்த்தால் நான் கட்டிக்கொள்ள வேண்டிய பெண்தான். ஆனால் அவள் தொட்டிலில் கிடந்தபோது என் பிள்ளைகள் இரண்டு பேர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள், அதனால் அந்தப் பேச்சு எழவே இல்லை. அவளுக்கு வைத்த பெயர் வேறு. நோண்டி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஆறு வயதில் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, சக்கரங்களைப் பாயில் வரிசையாக அடுக்கிவிட்டு, "இதுல எதுப்பா மணி, எது நிமிஷம்?" என்று அப்பாவையே கேட்டவள். அடியும் வாங்கினாள், கடிகாரத்தைத் திரும்பப் பூட்டியும் கொடுத்தாள். ஒரு சக்கரம் மிச்சமாகிப்போனது. அது இல்லாமலே கடிகாரம் ஓடியது.

வளர்ந்து தையல்காரி ஆனாள். கழுத்தில் அளவு நாடா, காதோரம் சாக்கட்டி, ரவிக்கையின் தோள்பட்டையில் நாலு குண்டூசி. அவளைக் கட்டிக்கொண்டவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். "வண்டியோட இஞ்சினை மட்டும் தொடாதே தாயே, மத்ததெல்லாம் உன் இஷ்டம்" என்று கல்யாணமான மறுநாளே சொல்லிவிட்டார், விவரம் தெரிந்தவர்.

இந்தக் கதை அவளுக்கும் அவள் அண்ணனுடைய மெஷினுக்கும் நடந்தது.

தச்சர் என்றேனே, அவர் கைவாளிலேயே முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால்தான் மைட்டர் மெஷின் வாங்கினார். மேசைமேல் உட்காரும் வட்ட ரம்பம் அது. கைப்பிடியைப் பிடித்துக் கீழே அமுக்கினால் இறங்கி வெட்டும். அடித்தட்டைத் திருப்பி எந்தச் சாய்வில் வேண்டுமோ அந்தச் சாய்வில் வைத்துக்கொள்ளலாம். கதவு நிலையைச் சுற்றி அடிக்கிற பூவேலைச் சட்டங்களை மூலையில் சாய்த்து வெட்டி ஒட்டவைக்க அதைவிட்டால் ஆள் கிடையாது. வெட்டுப்படும் கட்டை பின்னால் ஓடிவிடாமல் சாய்ந்து நிற்க, முதுகு மாதிரி ஒரு இரும்புத் தடுப்பு உண்டு.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு பகலில், நல்ல வெளிச்சத்தில், நல்ல தூக்கம் தூங்கி எழுந்த மனிதரின் இடது ஆள்காட்டி விரலின் மேல் கணுவை அந்த மெஷின் எடுத்துக்கொண்டுபோய்விட்டது.

காயம் ஆறியது. ஊர் வாய் ஆறவில்லை. கண் மங்கிவிட்டது என்றார்கள், கவனம் போய்விட்டது என்றார்கள், வயசு என்றார்கள். அவர் பட்டறையைப் பூட்டினார், சாவியை என் தங்கச்சியிடம், அதாவது அவர் பெண்டாட்டியிடம், கொடுத்தார். பழைய சாமான் வாங்குகிறவரிடம் மெஷினைப் பேசி முடித்தார். சனிக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு. அதற்கடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஒரு கிடங்கில் வாசல் காவல் வேலை.

அந்தச் சனிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை நோண்டி வந்தாள்.

"காவல் வேலையாண்ணே? நீ உட்கார்ந்தா அஞ்சு நிமிஷத்துல குறட்டை விடுவியே, உன்னையே தூக்கிட்டுப் போயிடுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. முற்றத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதுன்னா பொறுத்துக்குவேன். பயமும் இல்லை. அது ஏன் வெட்டுச்சுன்னு எனக்கே தெரியலை நோண்டி. எப்பவும் வைக்கிற மாதிரிதான் வச்சேன், எப்பவும் அமுக்கற மாதிரிதான் அமுக்கினேன். ஏன்னு தெரியாம எப்படி மறுபடியும் அதுகிட்ட கை நீட்டுவேன்?"

அவ்வளவுதான், நோண்டிக்கு வேலை வந்துவிட்டது. ஏன் என்று தெரியாத ஒரு சங்கதியை அவள் காதில் போட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. என் தங்கச்சியிடம் போய்க் கை நீட்டினாள்.

"அண்ணி, சாவி."

"எதுக்கு? போன ஒரு விரல் பத்தாதா இந்தக் குடும்பத்துக்கு? உன் கை போனா தையலும் போச்சு, தெரியுமில்ல?"

"தொட மாட்டேன் அண்ணி. பார்க்கத்தான் போறேன்."

"நீ பார்க்கறதே தொடறதுதானே!"

சாவி கிடைத்தது. பட்டறைக் கதவைத் திறந்ததும் அவள் செய்த முதல் வேலை, சுவரில் செருகியிருந்த பிளக்கைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டதுதான். ஒயர் நீளம் போதாமல் மெஷினும் அவளும் மாடும் கட்டுத்தறியும் மாதிரி நின்றார்கள். "இது என் இடுப்புல இருக்கிற வரைக்கும் அது வெறும் இரும்பு" என்று அண்ணிக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொன்றாக நோண்ட ஆரம்பித்தாள். அண்ணன் முற்றத்தில், இவள் உள்ளே. நடுவில் ஒரு ஜன்னல். கேள்வி போகும், பதில் வரும். அவர் மட்டும் வாசற்படியை மிதிக்க மாட்டார்.

"அண்ணே, பிளேடுமேல ஒரு மூடி இருக்கே, தூக்கிவிட்டா தானா விழணுமா?"

"விழணும். சட்டுனு விழணும்."

தூக்கி விட்டாள். சட்டென்று விழுந்தது. பத்து தடவை விட்டாள், பத்து தடவையும் விழுந்தது. மூடிமேல் குற்றமில்லை.

"பல்லெல்லாம் கறுப்பா பிசுக்கு ஒட்டியிருக்கு."

"மரப்பால் அது. தொடச்சா போயிடும். பல்லு மழுங்கலை, போன மாசம்தான்..." என்று சொல்லி நிறுத்தினார். போன மாசம் இல்லை, அஞ்சு மாசம்.

மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பல் பல்லாகத் துடைத்தாள். கூர் அப்படியே இருந்தது. மேசையை உலுக்கிப் பார்த்தாள். நாலு போல்ட்டும் இறுகியிருந்தது, ஆட்டமில்லை. நீளக் கட்டை தொங்காமல் இருக்க இரண்டு பக்கமும் மெஷின் தட்டின் உயரத்துக்கே சரியாக முக்காலி போட்டிருந்தார். தட்டையும் முக்காலியையும் சேர்த்து நூல் பிடித்துப் பார்த்தாள், நூல் எங்கும் தூக்கவில்லை. மூலைமட்டத்தின் ஒரு பக்கத்தைத் தடுப்பிலும் மறு பக்கத்தைப் பிளேடிலும் ஒட்டவைத்துப் பார்த்தாள். நடுவில் வெளிச்சமே தெரியவில்லை.

"எல்லாம் சரியா இருக்கேண்ணே!" என்று ஜன்னல் வழியே கத்தினாள், புகார் சொல்கிற குரலில்.

"அதைத்தானே நானும் சொல்றேன்."

சுவர் ஆணியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஏதோ தொங்கியது. பிரிக்கவே இல்லை, உள்ளே வாங்கியபோது வைத்த சீட்டுகூட மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இது என்னாது?"

"கிளாம்ப்பு. கட்டையைக் கவ்விப் பிடிக்கிறது. மெஷினோட சும்மா கொடுத்தான். அதைத் திருகிட்டு உட்கார்ந்திருந்தா ஒரு நாளைக்கு ஒரு கதவுதான் முடியும். கை எதுக்கு இருக்கு?"

நோண்டி உறையை ஆணியிலேயே திரும்ப மாட்டினாள்.

மறுநாள் புதன்கிழமை. ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று முடிவுக்கு வந்தாள். துண்டு துணியில் ஒத்திகை பார்க்காமல் அவள் பட்டுப் புடவையில் கத்திரி வைத்ததில்லை. அதனால் ஒரு பழைய நேர்ச் சட்டத்தை எடுத்து, சாக்கட்டியால் கோடு போட்டு, தட்டில் வைத்தாள். பிளக்கை இடுப்பிலிருந்து உருவிச் செருகினாள். குனிந்தாள்.

"ஏய்! நில்லு! கையை எடு!"

நாலு மாசமாக அந்த வீட்டில் கேட்காத குரல். என் தங்கச்சி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். தச்சர் வாசற்படியில் நின்றார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"கழுத்துல என்னடி அது? கழட்டு முதல்ல! பிளேடு சுத்தற இடத்துல நாடாவைத் தொங்கவிட்டா, நாடா மட்டுமா போகும்? தலையும் சேர்ந்துதான் போகும்!"

நோண்டி கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். முப்பது வருஷமாகக் கழுத்தில் கிடக்கிற நாடா. அது இருப்பதே அவளுக்குத் தெரியாது. கழற்றினாள். "முந்தானையைச் செருகு. வளையலைக் கழட்டு. அந்த ஊசி கோக்கற கண்ணாடி போதாது, அலமாரியில மூடின கண்ணாடி இருக்கு, அதைப் போடு" என்று வாசற்படியிலிருந்தே வரிசையாகக் கட்டளை வந்தது. எல்லாவற்றையும் செய்தாள்.

"இப்ப கட்டையை எங்க பிடிக்கணும்?"

"பிளேடுலேருந்து ஒரு சாண் தள்ளி. அதுக்கு உள்ளே விரல் வரவே கூடாது. ரெண்டு கையும் ஒண்ணுமேல ஒண்ணு குறுக்கப் போகக் கூடாது. சுவிட்சை அமுக்கு, உடனே இறக்காதே. சத்தம் ஏறி ஒரே சீரா நிக்கட்டும். அப்புறம் மெள்ள இறக்கு. வெட்டி முடிஞ்சதும் சுவிட்சை விடு, ஆனா கையைத் தூக்காதே. பிளேடு நிக்கட்டும். நின்ன பிறகு தூக்கு."

வெட்டினாள். சத்தத்துக்கு என் தங்கச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தூள் பறந்தது. பிளேடு நின்றது. நோண்டி துண்டை எடுத்து நாடாவால் அளந்தாள், முகம் சுருங்கியது.

"அண்ணே, உன் மெஷின் பொய் சொல்லுது. கோட்டுமேலதான் வெட்டினேன். ஒரு நூல் குறையுது, அரைக்கால் இஞ்சு."

தச்சர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

"கத்திரியா இது, துணியை ரெண்டா பிரிச்சுட்டுச் சும்மா போறதுக்கு? பிளேடுக்கும் ஒரு கனம் இருக்குடி. அது வழியில இருக்கிறதைத் தின்னுட்டுத்தான் போகும். கோட்டுக்கு வெளியில வெட்டணும், கோட்டுமேல வெட்டக் கூடாது. அந்தத் தூளெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு நினைச்சே?"

"ஆமா, தூள்!" என்று அவள் வாயைப் பிளந்தாள். தரையில் கிடந்த தூளை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தாள். குறைந்த நூல் அங்கே கிடந்தது.

அப்புறம் அவர் சொன்னபடி ஒரு பலகையை நிமிர்த்தி வைத்து இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குப்புறப் புரட்டி மறு பாதியோடு சேர்த்துப் பார்த்தாள். பிளேடு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் புரட்டும்போது அது இரண்டு மடங்காகத் தெரியுமாம், இடையில் ஆப்பு மாதிரி இடைவெளி விழுமாம். விழவில்லை. மெஷின் நேர்மையான மெஷின்தான்.

"அப்போ என் கைதான்" என்றார் தச்சர். சிரிப்பு போய்விட்டது. வாசற்படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை நோண்டி பட்டறைக்குப் போகவில்லை. அண்ணனின் இடது கையை மடியில் வைத்து அளவெடுத்தாள். மணிக்கட்டுச் சுற்று, உள்ளங்கை அகலம், விரல் விரலாக நீளம். வெட்டுப்பட்ட விரலுக்கு மட்டும் வலது கையில் அளவெடுத்தாள்.

"கையுறையா? மெஷின்கிட்ட கையுறை போடக் கூடாதுடி, பிடிச்சு இழுத்துடும்."

"கையுறை இல்லண்ணே. கை."

அன்று சாயங்காலத்துக்குள் கெட்டிக் காடாத் துணியில் ஒரு இடது கை தைத்துவிட்டாள். உள்ளே வெட்டுத்துணி அடைத்து, விரல் மடங்குகிற இடத்தில் எல்லாம் தையல் ஓட்டி, ஐந்து விரலும் முழுசாக. அவர் கையை எங்கே வைத்திருந்தார் என்பதை அவர் கையை வைக்காமலே பார்க்க வேண்டும், அதுதான் அவள் யோசனை. அண்ணனிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆள்காட்டி விரலின் நுனியைக் கட்டைவிரலால் ஒரு தடவை அமுக்கினார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை. மறுநாள் வண்டி வந்துவிடும். நோண்டி சமையலறையில் அண்ணியோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள். காற்றுக்கு ஜன்னல் கதவு டொக்கு டொக்கென்று அடித்தது.

"இந்தச் சனியனுக்கு முட்டுக்கொடுத்தும் நிக்க மாட்டேங்குது" என்றாள் என் தங்கச்சி. "எப்படிச் சொருகினாலும் நடுவுல ஒட்டவே மாட்டேங்குது."

நோண்டி முட்டுக்கட்டையைப் பார்த்தாள். பூவேலை போட்ட சட்டத் துண்டு. பாதி தூரம் வெட்டுப்பட்டு நின்றிருந்தது. வெட்டுவாயின் ஓரம் கருகியிருந்தது.

"அண்ணி, இந்தக் கட்டை எங்கே கிடைச்சுது?"

"பட்டறையிலதான். உங்க அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்புறம் தரையெல்லாம் கழுவினேனே, அப்போ கிடந்துது. நல்ல தேக்கு, தூக்கிப்போட மனசு வரலை."

நோண்டி டீயை வைத்துவிட்டுக் கட்டையை உருவினாள். ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. கட்டையைச் சமையல் மேடையின் கல்மேல் நிறுத்தி, கண்ணைக் கல்லோடு ஒட்டவைத்துப் பார்த்தாள். இரண்டு முனையும் கல்லைத் தொட்டன. நடுவில் வெளிச்சம். காதோரத்துச் சாக்கட்டியை எடுத்து அந்த வெளிச்சத்துக்குள் நுழைத்தாள், தாராளமாகப் போய்வந்தது. கட்டையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள்.

"அண்ணே!"

அவள் கத்திய கத்தலுக்கு அவர் இந்தத் தடவை வாசற்படியில் நிற்கவில்லை. நேரே பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டார். வந்த பிறகுதான் வந்ததே தெரிந்திருக்கும்.

பிளக் அவள் இடுப்பில் இருந்தது. தட்டில் அந்த வளைந்த கட்டையைத் தடுப்போடு சாய்த்து வைத்திருந்தாள், அன்றைக்கு வைத்த மாதிரியே, பூவேலை தன் பக்கம் பார்க்க. வளைவின் குழி தடுப்புப் பக்கம்.

"இப்படித்தானே வச்சே?"

"ஆமா. பூ முகம் நம்ம பக்கம் தெரியணுமில்ல."

"இந்தா, இது உன் கை." துணிக்கையை அவரிடம் கொடுத்தாள். "எங்க பிடிச்சே?"

அவர் துணிக்கையை எடுத்துப் பிளேடிலிருந்து ஒரு சாண் தள்ளி, கட்டையின்மேல் வைத்து அமுக்கினார். "இங்கதான். சத்தியமா இங்கதான்."

"சரி. அமுக்கு. பிளேடுக்கு நேரா பின்னாடி பாரு. வெளிச்சம் தெரியுதா?"

"தெரியுது."

"உனக்கு அது பிடிக்குமா?"

தச்சர் அல்லவா, கட்டைக்கும் தடுப்புக்கும் நடுவில் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. துணிக்கையை ஒரு விரல்கடை உள்ளே நகர்த்தினார். வெளிச்சம் குறைந்தது. இன்னும் நகர்த்தினார். இன்னும் குறைந்தது. அவராகவே, யாரும் சொல்லாமல், வெளிச்சம் முழுதாக மூடுகிற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அமுக்கினார். கட்டை தடுப்போடு ஒட்டியது.

துணிக்கையின் ஆள்காட்டி விரல் பிளேடு இறங்கும் தடத்திலிருந்து மூணு விரல் தள்ளி இருந்தது.

என் தங்கச்சி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"கைவாள்ல முப்பது வருஷம் இப்படித்தான் வெட்டினே" என்றாள் நோண்டி, இந்தத் தடவை மெதுவாக. "வளைஞ்ச கட்டைன்னா கையால அமுக்கினா சரியாப்போச்சு. கைவாள் நீ தள்ளினாத்தான் போகும், நீ நிறுத்தினா நிக்கும். இது அப்படியா?"

பிளேடைக் கையால் இறக்கிப் பழைய வெட்டுவாய்க்குள் விட்டாள். ஒரு குச்சியால் கட்டையின் நடுவைத் தடுப்பை நோக்கித் தள்ளினாள். வெட்டுவாய் மூடிப் பிளேடைக் கவ்விக்கொண்டது. தச்சர் மரத்துண்டு ஒன்றை எடுத்துப் பிளேடை நகர்த்திப் பார்த்தார். அசையவில்லை. கருகல் எப்படி வந்தது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பாதி வெட்டினதும் கட்டை வலு விட்டுடுச்சு" என்று அவரே சொன்னார். "நான் அமுக்கின அமுக்குல உள்ளே மடங்கி, பிளேடைக் கவ்வி... அது உதறியிருக்கு. கை சறுக்கியிருக்கு." கட்டையை எடுத்துத் திருப்பினார். "கட்டையைத் திருப்பிப்போட்டு, புடைச்ச முதுகு தடுப்புல படற மாதிரி வச்சிருக்கணும்."

"பூ முகம்?"

"முகம் ஒத்துவரலைன்னா அந்தக் கட்டை அந்த வேலைக்கு இல்லை. வேற எடுக்கணும்." பிறகு, நாலு மாசத்தில் முதல் தடவையாக, குட்டை விரலை யாருக்கும் மறைக்காமல் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். "கண்ணு நல்லாத்தான் இருந்திருக்குடி. நல்லாப் பார்த்துத்தான் உள்ளே விட்டிருக்கேன்."

சனிக்கிழமை காலை, பழைய சாமான்காரர் மூணு சக்கர வண்டியோடு வந்தார். பட்டறையிலிருந்து மெஷின் ஓடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. எட்டிப் பார்த்தார். தச்சர் மூடின கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். ஒரு நீளச் சட்டம் முதுகைத் தடுப்போடு ஒட்டிக்கொண்டு கிடந்தது, பிளாஸ்டிக் உறையிலிருந்து புதுசாக வந்த கிளாம்ப் அதைக் கவ்விப் பிடித்திருந்தது. அவர் இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. பிளேடு இறங்கியது, வெட்டியது. சுவிட்ச் நின்றது. கைப்பிடி மேலே வரவில்லை. சாமான்காரருக்குப் பொறுமை போய்விட்டது, இவர் தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தார். பிளேடு நின்ற பிறகே கைப்பிடி மேலே வந்தது.

"நல்லாத்தானே ஓடுது? எதுக்கு விக்கிறீங்க?"

"விக்கலை."

"அப்போ என்னை எதுக்கு வரச்சொன்னீங்க?"

"அதை வரச்சொன்ன ஆள்கிட்ட கேளுங்க" என்றாள் நோண்டி உள்ளேயிருந்து. "அந்த ஆளு நேத்தோட போயிட்டாரு."

சாமான்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனார். போகிறபோக்கில் அவர் வண்டியில் கிடந்த மிக்ஸியை நோண்டி ஒரு தடவை தூக்கிப் பார்த்ததையும், "இதுல என்ன போச்சு?" என்று கேட்டதையும் சொல்லாமல் விட முடியாது.

தச்சரே கிடங்குக்குப் போய், வேலைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று வெட்டிய சட்டத்தின் முனையில் விழுந்தது ஒரு முட்டுக்கட்டை, ஓரத்தில் சாய்வெடுத்து, நேராக. என் தங்கச்சி அதைச் சமையலறை ஜன்னலில் சொருகினாள். காற்றடித்தது. ஜன்னல் அசையவில்லை. சந்தேகம் தீராமல் கையால் இரண்டு தடவை தள்ளியும் பார்த்தாள்.

துணிக்கை இப்போதும் பட்டறையில்தான் இருக்கிறது. பிளேடிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேசையின் ஓரத்தில் நாலு ஆணி வைத்து அடித்திருக்கிறார். வேலை கொடுக்க வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துத் திடுக்கிடுவார்கள், பிறகு இது என்ன என்று கேட்பார்கள். "அது என் தங்கச்சி தைச்ச கை. அதைத் தாண்டி என் கை போகாது" என்பார் தச்சர்.